சாண்ட்விச்சைக் கட்டாதீங்க, அதோட பாகங்களைக் கட்டுங்க

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எடுத்துக்கிட்டிருக்கிற விஷயம் ரொம்பச் சின்னது. ட்ரெயின்லயோ பஸ்லயோ நீண்ட தூரம் போறோம், கையில ஃபிரிட்ஜ் கிடையாது, ஆனா சாண்ட்விச் சாப்பிடணும். எதைக் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போகக் கூடாது? அவ்வளவுதான் கேள்வி.

இதுக்கு ஒரு முழு எபிசோடான்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன், நாக்பூர் தாண்டி நடந்த அந்தச் சம்பவம் மட்டும் இல்லைன்னா. அதனால முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

மே மாசம். என் தம்பிக்கு டெல்லியில ஒரு காலேஜ்ல இன்டர்வியூ. துணைக்கு நான். சென்னை சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் கோச். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி, நடுவுல ஒரு முழுப் பகல், இன்னொரு ராத்திரி, அதுக்கப்புறம்தான் டெல்லி. கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர்.

அம்மா வழக்கம்போல புளி சாதம் கட்டித் தர்றேன்னு சொன்னாங்க. "ஐயோ அம்மா, எல்லாரும் பார்ப்பாங்க, எண்ணெய் வழியும், நான் சாண்ட்விச் பண்ணிக்கறேன்"னு நான்தான் சொன்னேன். சாயங்காலம் 6 மணிக்கு 6 முட்டை வேகவச்சேன். கையால உரிச்சேன். மசிச்சு, பாட்டில் மயோனைஸ் போட்டு, மிளகுத்தூள் தூவி, வெள்ளரிக்காய் நறுக்கி அடுக்கி, 7 மணிக்கெல்லாம் 6 சாண்ட்விச் ரெடி. அலுமினிய ஃபாயில்ல சுத்தி டப்பாவுல வச்சேன். பார்க்கவே அழகா இருந்துச்சு. அம்மா ஒண்ணும் பேசலை. ஒரு தூக்குல புளி சாதத்தையும் கட்டி என் பையில வச்சிட்டாங்க.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் வாங்கின இட்லியே போதும்னு இருந்துட்டோம். மதியம் 1 மணிக்கு, நாக்பூர் வரப்போகுது, ஜன்னல் வழியா அனல் அடிக்குது, அப்போதான் டப்பாவைத் திறந்தேன். தம்பி ஒண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு"ன்னான். மூணு சாப்பிட்டான். நான் அரைத் துண்டோட நிறுத்திட்டு புளி சாதத்துக்குப் போயிட்டேன், தூக்கைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போனா அம்மா திட்டுவாங்களேன்னு.

4 மணிக்கு அவன் மேல் பெர்த்துல இருந்து இறங்கி வந்தான். "அக்கா, ஒரு மாதிரி இருக்கு"ன்னான். அதுக்கப்புறம் போபால் வர்ற வரைக்கும் அவன் டாய்லெட் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான். வாந்தி, வயித்து வலி, திரும்ப வாந்தி. எனக்கு லேசாக் குமட்டினதோட சரி. 139-க்கு ஃபோன் பண்ணி, அடுத்த பெரிய ஸ்டேஷன்ல டாக்டர் வந்து பார்த்தார். "வெளியில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டார். "வெளியில எதுவும் இல்லை சார், வீட்டுச் சாப்பாடுதான்"னு பெருமையா சொன்னேன். "என்ன வீட்டுச் சாப்பாடு, எப்போ பண்ணது?"ன்னு கேட்டார். கணக்குப் போட்டேன். 18 மணி நேரம்.

மறுநாள் இன்டர்வியூக்குப் போனான். கையில ஓஆர்எஸ் பாட்டிலோட. பத்து நிமிஷத்துல வெளியே வந்தான். சீட் கிடைக்கலை. அந்த சாண்ட்விச்சாலதான் கிடைக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதால இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை. அதான் இந்த எபிசோட்.

மூக்கை நம்பாதீங்க

இப்போ, என்ன நடந்திருக்கும்? எந்த டெஸ்ட்டும் எடுக்கலை, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சாப்பிட்ட மூணு மணி நேரத்துல திடீர்னு வாந்தின்னா டாக்டர்கள் முதல்ல சந்தேகப்படுறது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியாவை. சாப்பிட்ட அரை மணியில இருந்து 8 மணி நேரத்துக்குள்ள அது வேலையைக் காட்டும்.

இது எங்கிருந்து வருது? நம்மகிட்ட இருந்துதான். நாலு பேர்ல ஒருத்தர் மூக்குல இது சும்மா குடியிருக்கும். ஒரு தொந்தரவும் பண்ணாது. மூக்கைத் தொட்ட கையால முட்டையை உரிக்கிறோம். முட்டை வெந்தப்போ கிட்டத்தட்ட சுத்தமா இருந்தது. உரிச்சப்போதான் அதுல ஆள் ஏறுது. வேகவச்ச பொருள்ல போட்டிக்கு வேற கிருமிகளும் அதிகம் இல்லை. புரதம் இருக்கு, ஈரம் இருக்கு, வெக்கை இருக்கு. வேறென்ன வேணும்?

வசதியான சூழல்ல ஒரு பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும். 20 நிமிஷம் சின்ன நேரமாத் தெரியும். ஆனா ஒண்ணே ஒண்ணுல ஆரம்பிச்சா 7 மணி நேரத்துல 20 லட்சம் தாண்டும். எல்லாக் கிருமியும் எல்லா நேரமும் இந்த வேகத்துல வளராதுதான். இருந்தாலும் என் டப்பாவுக்கு 18 மணி நேரம் கிடைச்சுது.

இங்க முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. உணவைக் கெட்டுப்போக வைக்கிற கிருமி வேற, நம்மளை நோயில தள்ளுற கிருமி வேற. நாத்தம், பிசுபிசுப்பு, புளிப்பு எல்லாம் முதல் வகையோட வேலை. ரெண்டாவது வகை வாசனையே காட்டாம இருக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் உணவுக்குள்ள ஒரு நச்சை விட்டுட்டுப் போகும். அந்த நச்சு சூடு பண்ணாக்கூட அழியாது. பாக்டீரியா செத்துடும், நச்சு இருக்கும். அதனால "மோந்து பார்த்தேன், நல்லா இருக்கு", "திரும்ப சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது", இந்த ரெண்டு சமாதானமும் செல்லாது.

செல்லுபடியாகிறது கடிகாரமும் தெர்மாமீட்டரும்தான். 5 டிகிரிக்குக் கீழ, இல்லைன்னா 60 டிகிரிக்கு மேல. நடுவுல இருக்கிறதெல்லாம் கிருமிகளோட ஏரியா. அந்த நடு ஏரியாவுல கெடக்கூடிய உணவு 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது பொதுவான விதி. சுத்தியிருக்கிற வெப்பம் 32 டிகிரிக்கு மேல போனா அது 1 மணி நேரம்தான். நம்ம ஊர் வெயிலுக்கு வருஷத்துல பாதி நாள் 1 மணி நேரக் கணக்குதான்.

"நாங்க ஏசி கோச்சுலதான் போவோம்"னு சொல்றவங்களுக்கு: ஏசி கோச்சுல 23, 24 டிகிரி இருக்கும். உங்களுக்கு அது குளிர். கிருமிக்கு அது ஊட்டி இல்லை, வீடு. ஏசி கோச் ஃபிரிட்ஜ் ஆகாது.

அம்மாவோட தூக்கு எப்படித் தப்பிச்சது?

ஊருக்கு வந்ததும் எனக்கு இருந்த கேள்வி இதுதான். ஒரே பை, ஒரே வெயில். என் டப்பா ஆளைக் கவுத்துடுச்சு, அம்மாவோட தூக்கு ஒண்ணும் பண்ணலை. ஏன்?

அம்மாகிட்ட கேட்டேன். "அதுல என்னடி ரகசியம், புளி இருக்கு, உப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு, தண்ணி இல்லை"ன்னாங்க. உணவு அறிவியல் புத்தகத்தைத் திறந்தா முதல் அத்தியாயத்துல இருக்கிறதும் இதேதான்.

கிருமி வளர நாலு விஷயம் தேவை: ஈரம், சாப்பாடு, வெதுவெதுப்பு, நேரம். வெதுவெதுப்பை நம்மால ட்ரெயின்ல மாத்த முடியாது. நேரத்தையும் மாத்த முடியாது. ஈரத்தை மாத்தலாம். உணவுல தண்ணி இருக்கிறது ஒரு விஷயம், அந்தத் தண்ணி கிருமிக்குக் கிடைக்கிறது வேற விஷயம். ஜாம்ல தண்ணி இருக்கு, ஆனா சர்க்கரை அதைக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு, கிருமியால குடிக்க முடியாது. ஊறுகாய்ல உப்பு அந்த வேலையைச் செய்யுது. அடுத்தது புளிப்பு. நல்ல புளிப்புல பெரும்பாலான நோய்க் கிருமிகளால பெருக முடியாது.

ஆனா அம்மாவோட புளி சாதமும் மந்திரம் இல்லை, அதையும் சொல்லிடணும். புளிக்காய்ச்சல் தனியா பாட்டில்ல இருந்தா வாரக்கணக்குல நிக்கும். சாதத்தோட கலந்தா அதோட ஆயுசு சாதத்தோட ஆயுசாயிடும். சாதத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு. அதோட விதைத்தூள்கள் கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது, சாதம் வெதுவெதுப்பா கிடந்தா முளைச்சு வரும். புளி அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அன்னிக்கு எங்களுக்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்துச்சுன்னுதான் இப்போ நினைக்கிறேன்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். புளிக்காய்ச்சல் தனியா இருக்கிற வரைக்கும் பத்திரம். அதே மாதிரி பிரெட் தனியா இருந்தா பத்திரம், முழு வெள்ளரிக்காய் தனியா இருந்தா பத்திரம். நான் என்ன பண்ணேன்? பிரெட்டுக்கு நடுவுல ஈரமான முட்டையை வச்சு, நறுக்கின வெள்ளரிக்காயோட தண்ணியை அதுல இறக்கி, ஃபாயில்ல சுத்தி, 18 மணி நேரம் வெக்கையில வச்சேன். அதனால இன்னிக்கு நீங்க ஒரே ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கணும்னா, அது தலைப்புல இருக்கிறதுதான். சாண்ட்விச்சைக் கட்டாதீங்க. அதோட பாகங்களைக் கட்டுங்க. பசிக்கும்போது சேருங்க.

பையில என்ன போடலாம்?

பிரெட்ல இருந்து ஆரம்பிப்போம். பிரெட்டுக்கு எதிரி பூஞ்சை. ரெண்டு நாள் பயணத்துக்கு, கிளம்புற அன்னிக்கு வாங்கின பிரெட் தாராளமா தாங்கும். டோஸ்ட் பண்ணிக் கொண்டு போறதா இருந்தா முழுசா ஆறவிட்டுக் கட்டுங்க. சூட்டோட கட்டினா ஆவி வேர்த்து, அந்த ஈரத்துலதான் பூஞ்சை பிடிக்கும். ஒரு ஸ்லைஸ்ல பச்சையா புள்ளி தெரிஞ்சா, அதை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீங்க. பிரெட் மாதிரி மெத்துனு இருக்கிற பொருள்ல பூஞ்சையோட வேர் கண்ணுக்குத் தெரியாம உள்ள போயிருக்கும். மொத்தமாத் தூக்கிப் போடுங்க.

அடுத்து தடவுற ஐட்டம். வேர்க்கடலை வெண்ணெய்தான் ராஜா. அதுல தண்ணியே கிட்டத்தட்ட கிடையாது, புரதமும் இருக்கு. சாதாரண ஜாம், தேன் ரெண்டும் ஓகே. ஜாம் பாட்டில்ல "திறந்தபின் குளிரில் வைக்கவும்"னு போட்டிருப்பாங்க, அது மாசக்கணக்குல வச்சுக்கிறதுக்கு. புதுசா திறந்த சின்ன பாட்டில் ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது. ஆனா சர்க்கரை குறைச்ச ஜாமுக்கு இது பொருந்தாது, அதைக் காப்பாத்துறதே அந்தச் சர்க்கரைதான். ஸ்பூன் காஞ்சதா இருக்கணும். ஈர ஸ்பூனை விட்டா நாமளே கிருமிக்குத் தண்ணி ஊத்துறோம். அப்புறம், குழந்தையோட போறவங்க கவனிங்க: 1 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

வெண்ணெய்? மே மாசத்துல உருகி ஓடும், விடுங்க. பதிலா நெய். வெண்ணெயை உருக்கும்போதே தண்ணி ஆவியாப் போயிடுது, அதனாலதான் நம்ம வீட்டுல நெய் அலமாரியிலேயே நிக்குது. பிரெட்ல நெய் தடவி மேல இட்லி மிளகாய்ப் பொடி தூவிச் சாப்பிட்டுப் பாருங்க. நான் சொன்னப்போ தம்பி சிரிச்சான். இப்போ வீட்டுலயே அதைத்தான் சாப்பிடறான்.

சட்னி. பாம்பே சாண்ட்விச்ல தடவுற பச்சை சட்னி, தேங்காய் சட்னி, ரெண்டும் வேண்டாம். பச்சையா அரைச்சது, தண்ணி நிறைய. அந்த இடத்துக்குப் பொடியோ, எண்ணெய் பிரிய சுண்டவச்ச தக்காளித் தொக்கோ, புளிக்காய்ச்சலோ, ஊறுகாயோ வரட்டும். ஒரு எச்சரிக்கை: பச்சைப் பூண்டை எண்ணெய்ல ஊறப்போட்டு ஸ்ப்ரெட் மாதிரி கொண்டு போகாதீங்க. எண்ணெய்க்குள்ள காத்து போகாது, பொட்டுலிசம் வரவைக்கிற கிருமிக்கு அது சௌகரியமான இடம்.

உருளைக்கிழங்கு மசாலா. நம்ம ஊர்ல சைவ சாண்ட்விச்னாலே இதுதான். "முட்டைதான் கெடும், கிழங்கு கெடாது"ன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. தப்பு. வெந்த கிழங்குல ஈரம் இருக்கு, புளிப்பு இல்லை. 1994-ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவுல 30 பேருக்கு பொட்டுலிசம் வந்தது. காரணம் ஃபாயில்ல சுத்திச் சுட்டு, அப்படியே வெளியில விட்ட உருளைக்கிழங்கு. அதை வச்சு ஒரு டிப் பண்ணியிருக்காங்க. அதனால கிழங்கு மசாலா சாண்ட்விச்சை வீட்டுல சாப்பிட்டுட்டு ட்ரெயின் ஏறுங்க.

புரதத்துக்கு டின் இருக்கு. டூனா, கொண்டைக்கடலை, பீன்ஸ். மூடியிருக்கிற வரைக்கும் அதுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை, ஏன்னா மூடினப்புறம் சூடு பண்ணி உள்ள இருக்கிறதைக் கொன்னுட்டாங்க. திறந்த நிமிஷத்துல அந்தப் பாதுகாப்பு போச்சு. அதனால பெரிய டின் ஒண்ணு வாங்காம சின்ன டின் ரெண்டு வாங்குங்க. ஒரு வேளைக்கு ஒண்ணு. மிஞ்சினா தூக்கிப் போடுங்க, மனசு கேட்காட்டியும். உப்பின டின், ஓரத்துல பலமா நசுங்கின டின் வேண்டவே வேண்டாம். டின்ல வர்ற சீஸும் இதே கதைதான். சாதா சீஸ் ஸ்லைஸ், பனீர், சலாமி, ஹாம், வேகவச்ச சிக்கன் எதுவும் வேண்டாம். சலாமில உப்பு இருக்கேன்னு கேட்பீங்க. நம்ம ஸ்டஃபிலோகாக்கஸ் உப்பைத் தாங்குற ஆள்.

முட்டை. இது பலருக்கு அதிர்ச்சியா இருக்கும். ஓட்டோட இருக்கிற வெந்த முட்டை, பச்சை முட்டையை விட சீக்கிரம் கெடும். முட்டை ஓட்டு மேல இயற்கையா ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, வேகவைக்கும்போது அது போயிடும். ஓட்டுல இருக்கிற நுண்துளைகள் திறந்துக்கும். உரிச்சாலும் உரிக்காட்டியும் அதே 2 மணி நேரம், வெயில்ல 1 மணி நேரம். முட்டை வேணும்னா பிளாட்ஃபார்ம்ல பிரெட் ஆம்லெட் வாங்குங்க. அடுக்கி வச்சிருக்கிறதை எடுத்துக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. "அண்ணா, புதுசா ஒண்ணு போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டு, கண்ணு முன்னாடி உடைச்சு ஊத்தி, கல்லுல இருந்து கைக்கு வரணும். வந்த உடனே சாப்பிடணும்.

மயோனைஸ் பத்தியும் சொல்லணும். அன்னிக்கு நான் முதல்ல பழி போட்டது மயோனைஸ் மேலதான். ஆனா கம்பெனி பாட்டில் மயோனைஸ்ல வினிகர் இருக்கு, அது புளிப்பு. அது தனியா அவ்வளவு சீக்கிரம் கெடாது. 6 முட்டையில கலந்ததும் அந்தப் புளிப்பு நீர்த்துப் போச்சு. வீட்டுலயோ கடையிலயோ பச்சை முட்டை அடிச்சுப் பண்ற மயோனைஸ்தான் நிஜமான வில்லன், அதுல சால்மொனெல்லா இருக்கலாம். கேரளா 2023-லயும் தெலங்கானா 2024-லயும் இதைத் தடை பண்ணாங்க. தமிழ்நாடு 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்குத் தடை போட்டது. ட்ரெயினுக்கு வேணும்னா ஒரு தடவை கிழிச்சு முடிக்கிற சின்ன பாக்கெட் சாஸ், கெட்சப், கடுகு சாஸ் எடுத்துக்கோங்க.

காய்கறி எல்லாம் முழுசா. வெள்ளரி, தக்காளி, கேரட், வெங்காயம். வீட்டுலயே கழுவி, நல்லாத் துடைச்சுக் காயவச்சு, துணிப்பையில போடுங்க. தோல்தான் அதுக்குப் பேக்கிங். நறுக்கினதும் சாறு வெளிய வரும், கத்தியில இருக்கிறது உள்ள போகும். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் நறுக்குங்க. சின்ன கத்தி ஒண்ணு, ஒரு தட்டு, பேப்பர் சோப்பு, இது மூணும் பையோட மேல் ஜிப்ல இருக்கட்டும். ஸ்டஃபிலோகாக்கஸ் எங்கிருந்து வந்ததுன்னு ஞாபகம் இருக்கில்ல? கை கழுவுறதுதான் இந்தப் பட்டியல்லயே மலிவான ஐட்டம். சானிடைசர் சோப்புக்கு மாற்று கிடையாது.

இதெல்லாம் பிடிக்கலைன்னா வாழைப்பழம் இருக்கு. உரிச்சு, பிரெட்ல வேர்க்கடலை வெண்ணெய் தடவி, நறுக்கி வச்சு மடிங்க. ரெண்டே நிமிஷம்.

குளிர்ல கொண்டு போகணும்னா

சில பேருக்கு 5, 6 மணி நேரப் பயணம்தான். சென்னையில இருந்து பெங்களூர் மாதிரி. அதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு தண்ணி பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி முந்தின நாளே ஃப்ரீசர்ல வைங்க. முழுசா நிரப்பினா ஐஸ் விரிஞ்சு பாட்டில் வெடிக்கும். சாண்ட்விச்சையும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வச்சு நல்லாக் குளிரவிடுங்க. கிளம்பும்போது வெப்பம் தாங்குற பையில ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல சாண்ட்விச்சை இறுக்கி வைங்க. வெதுவெதுப்பா இருக்கிறதை ஐஸ் பக்கத்துல வச்சா ஐஸ்தான் உருகும், சாண்ட்விச் குளிராது.

பாட்டில்ல ஐஸ் கட்டி இருக்கிற வரைக்கும், தொட்டா ஜில்லுன்னு இருக்கிற வரைக்கும் சரி. ஐஸ் முழுசா கரைஞ்சா கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். அந்த நேரத்தை ஃபோன்ல அலாரம் வச்சுக்கோங்க. 33 மணி நேரப் பயணத்துக்கு இது உதவாது, அதை நானே சொல்லிடறேன்.

அப்படியும் ஏதாவது ஆச்சுன்னா

நாங்க தடுமாறின இடம் இது. தம்பி தண்ணி கேட்டான், "வாந்தி எடுக்கும், குடிக்காதே"ன்னு சொன்னேன். தப்பு. கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாய்னு கொடுத்துக்கிட்டே இருக்கணும். ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு எப்பவும் பையில இருக்கட்டும். பாக்கெட்ல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ அவ்வளவுல முழு பாக்கெட்டையும் கரைக்கணும், பெரிய பாக்கெட்னா 1 லிட்டர். டம்ளர்ல கொஞ்சம் தூள் போட்டுக் கலக்குறதெல்லாம் கூடாது. பாக்கெட் இல்லைன்னா, 1 லிட்டர் சுத்தமான தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ரெண்டையும் தலை தட்டி அளக்கணும்.

மலத்துல ரத்தம், 102 டிகிரி காய்ச்சல், குடிக்கிறது எதுவும் உள்ள தங்கலை, சிறுநீர் போறது ரொம்பக் குறைஞ்சிடுச்சு, இதுல எது இருந்தாலும் டெல்லி வரட்டும்னு காத்திருக்காதீங்க. ட்ரெயின்னா 139. டிடிஇகிட்டயும் சொல்லுங்க. சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்கன்னா இன்னும் சீக்கிரம்.

சரி, முடிக்கிறேன். தம்பி இப்போ கோயம்புத்தூர்ல படிக்கிறான். நல்லாத்தான் இருக்கான், அங்கேயே சந்தோஷமா இருக்கான். "அந்த இன்டர்வியூவுல நான் எப்படியும் சொதப்பியிருப்பேன் அக்கா"ன்னு சொல்வான். எனக்காகச் சொல்றான்னு எனக்குத் தெரியும்.

ஒரு பழக்கம் மட்டும் அவன்கிட்ட ஒட்டிக்கிச்சு. நான் எதைச் செஞ்சு கொடுத்தாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துட்டுத்தான் வாயில வைப்பான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது குத்தும். ஏன்னா அன்னிக்கும் அவன் முகர்ந்து பார்த்துட்டுத்தான் சாப்பிட்டான்.

அடுத்த மாசம் ரெண்டு பேரும் திரும்ப அதே ட்ரெயின்ல போறோம், இந்தத் தடவை ஊர் சுத்த. பையில பிரெட், நெய், மிளகாய்ப் பொடி, முழு வெள்ளரிக்காய், ரெண்டு சின்ன டின், வாழைப்பழம் ஒரு சீப்பு. அம்மா புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை.

உங்க வீட்டுல பயணத்துக்கு என்ன கட்டுவாங்க? கேட்டுப் பாருங்க. ஏன் அதைக் கட்டுறாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.